கேள்விக்குறியைவிடக் குப்பையே மேல்

போன மாதம் உயிர்ச்சான்று கொடுப்பதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை 'நான் இன்னும் இருக்கிறேன்' என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரும் சடங்கு. என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. எண்பதை நெருங்கும் வயது. கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள்.

“பாட்டிம்மா, உங்க பேரே சிஸ்டத்துல இல்லையே” என்றார் கவுன்டரில் இருந்த இளைஞர்.

“பணம் மாசாமாசம் வந்துச்சே கண்ணு. இப்பத்தான் ரெண்டு மாசமா வரல.”

“நம்பர் சொல்லுங்க, பாக்கறேன்.”

எண் எழுதியிருந்த புத்தகம் மழையில் நனைந்து கடைசி இலக்கங்கள் அழிந்து போயிருந்தன. “பேர் திருத்தம்னு ஒரு மனு எழுதிக் குடுங்க. ஃபாரம் எதிர்ல ஜெராக்ஸ் கடையில கிடைக்கும்” என்றார் அவர். பாட்டி நகரவில்லை. “இதோட மூணாவது தடவை வரேன் தம்பி. போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

நான் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். அடுத்தவர் பெயரை இங்கே எழுதுவது முறையில்லை. 'சௌ' என்று தொடங்கும் பெயர் என்பது மட்டும் போதும். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. 'செ' அடிங்க. அப்புறம் தனியா 'ள' அடிங்க. மிச்சத்தை வழக்கம்போல அடிச்சுத் தேடிப் பாருங்க.”

பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனாலும் அடித்தார். பாட்டி திரையில் வந்துவிட்டார்.

“ரெண்டும் ஒண்ணாத்தானே சார் இருக்கு?”

“கண்ணுக்கு ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு ரெண்டு.”

வரிசையில் நின்றவர்கள் என்னை மந்திரவாதியாகப் பார்த்தார்கள். பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கோ பெருமை வரவில்லை, கூச்சம்தான் வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கோபமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடங்களுக்கு மேல் சி மொழியில் நிரல் எழுதிப் பிழைத்தவன் நான். அதில் பெரும்பகுதி, ஒரு குறியேற்றத்தில் இருக்கும் எழுத்தை இன்னொன்றுக்கு மாற்றும் வேலை. பாட்டியின் பெயரைத் தொலைத்த நிரலை நான் எழுதவில்லை. ஆனால் அதைவிட மோசமான ஒன்றை எழுதியிருக்கிறேன்.

கணினி தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்ற ஒப்பந்தத்துக்குப் பெயர்தான் குறியேற்றம். தமிழுக்கு ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது. பல பத்திரிகைகள் தங்களுக்கென்று ஓர் எழுத்துருவும், அந்த எழுத்துருவுக்கென்று ஒரு குறியேற்றமும் வைத்திருந்தன. இணையத் தமிழர்கள் கூடிப் பேசித் திஸ்கி கொண்டுவந்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. 1991-லேயே வந்துவிட்ட யூனிகோடு நம் மேசைகளுக்கு வந்து சேர இன்னும் சில வருடங்கள் ஆயின.

பழையதிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது, 'இந்த எண்ணுக்குப் பதில் அந்த எண்' என்று அட்டவணை போட்டு முடித்துவிடும் வேலையல்ல. பழைய குறியேற்றங்கள் அச்சுக் கோப்பவரைப் போல. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் கொம்பு, அப்புறம் மெய். யூனிகோடில் முதலில் மெய், அப்புறம் உயிர்க்குறி. 'கொ' என்றால் பழையதில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் க, அதன் பின் ஒரே ஒகரக் குறி. ஆகவே மாற்றி நிரல் கொம்பைப் பார்த்ததும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யை வாங்கி, அதற்கடுத்துக் கால் வருகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதில் 'ஔ' வரிசைதான் வில்லங்கம். ஔகாரத்தின் பின்பாதியும் 'ள' எழுத்தும் பார்வைக்கு ஒன்று. பலர் பின்பாதிக்குப் பதிலாக 'ள'வையே தட்டிவிட்டார்கள். கொம்பு, வ, ள என்று வந்தால் அது வௌவாலா, வெளிச்சமா? அடுத்த எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் வெளிச்சம் கெடும். எதையும் ஆக்காமல் விட்டால் வௌவால் கெடும். பாட்டியின் பெயர் இந்த இரண்டாவது வழியில் கெட்டது. யூனிகோடில் முறையான 'சௌ' இரண்டு குறிகள், யூடிஎஃப்-8 வடிவில் 6 பைட். 'செ'யும் தனி 'ள'வும் மூன்று குறிகள், 9 பைட். சி மொழியின் ஸ்ட்ர்கம்ப் என்ற ஒப்பிடும் செயற்கூறு பைட்டைத்தான் பார்க்கும், பாட்டியின் முகத்தைப் பார்க்காது.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன்.

2004 வாக்கில் ஓர் இடத்துக்குப் பயனாளிகளின் பெயர்ப் பட்டியலைப் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தோம். மேலே சொன்ன கொம்பு, கால் சிக்கலையெல்லாம் ஒழுங்காகத் தீர்த்தேன். அதில் இன்றும் எனக்குத் திருப்திதான். ஆனால் மாற்றிய பெயர்கள் போய்ச் சேர வேண்டிய தரவுத்தளத்தின் பழைய நூலகம் யூனிகோடு அறியாதது. எட்டு பிட் சரம்தான் வாங்கிக்கொள்ளும். நான் யோசிக்காமல் விண்டோஸ் கொடுத்திருந்த வைட்-சார்-டு-மல்டி-பைட் என்ற செயற்கூறை அழைத்து, கணினியின் வழக்கமான குறிப்பக்கத்துக்கு மாற்றி அனுப்பினேன். தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு எட்டு பிட் குறிப்பக்கமே கிடையாது. அங்கே இடமில்லாத எழுத்துக்கு அது என்ன செய்யும்? கேள்விக்குறி போடும். சத்தமே வராது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் செயற்கூறு யோக்கியமானது. அதன் கடைசி இடத்தில் ஒரு சுட்டியைக் கொடுத்தால், 'மாற்ற முடியாமல் வேறு எழுத்தைப் போட்டேன்' என்பதை அதில் எழுதி வைக்கும். நான் அந்த இடத்தில் 'நல்' என்று எழுதினேன். அதாவது, 'நீ என்ன செய்தாய் என்று எனக்குச் சொல்லாதே' என்று எழுதினேன். மாதிரி நிரல்களில் எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். சோதனைக்கு நாங்கள் போட்ட பெயர்கள் 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு'. அதுவும் ஆங்கில எழுத்தில். எல்லாம் பாஸ்.

அறிக்கையில் 'பிழைகள்: 0' என்று வந்தது. மேலாளர் கைகொடுத்தார்.

ஏழு வாரம் கழித்து ஒரு பெரியவர் துண்டுச் சீட்டோடு வந்து நின்றார். அதில் எண் இருந்தது, தொகை இருந்தது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். “என் பேர் எங்க சார்?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் இன்றும் மறக்கவில்லை.

காப்பு நாடாக்களைத் தேடினோம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே நாடாவில் மேலெழுதுவது அங்கே வழக்கம். மூலக்கோப்பை, வேலைதான் முடிந்துவிட்டதே என்று, இடம் போதாமல் அழித்திருந்தார்கள். சில ஆயிரம் பெயர்களைப் பழைய பேரேடுகளைப் பார்த்து ஊழியர்கள் ராத்திரி பகலாகத் திரும்பத் தட்டினார்கள். கரையான் அரித்த பேரேட்டில் இருந்த பெயர்களுக்கு ஊர் ஊராக ஆள் போனது. அதற்குள் இறந்துவிட்டவர்களின் பெயரை யாரிடம் போய்க் கேட்பது?

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே ஒன்றுதான்: குப்பை வந்தால் பரவாயில்லை, கேள்விக்குறி வரக்கூடாது.

யூடிஎஃப்-8 தமிழைத் தப்பான குறியேற்றத்தில் திறந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அந்த 224-உம் 174-உம்தான் அப்படி வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. பார்க்க அசிங்கம். ஆனால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. சரியான குறியேற்றத்தைச் சொன்னால் தமிழ் எழுந்து வந்துவிடும். அது அடகு வைத்த நகை. சீட்டு இருந்தால் மீட்கலாம்.

கேள்விக்குறியின் எண் 63. 'த' வந்தாலும் 63, 'ழ' வந்தாலும் 63. 'தமிழ்' என்றாலும் ஐந்து கேள்விக்குறி, 'கந்தன்' என்றால் ஆறு. எத்தனை குறிகள் இருந்தன என்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. அது உருக்கிய நகை. சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் அலுவலகங்களில் எது பாராட்டு வாங்குகிறது? குப்பை தெரிந்தால் எல்லாரும் கத்துகிறார்கள். கேள்விக்குறி விழுந்தால் 'ஏதோ சின்னப் பிரச்சினை' என்று தாண்டிப் போகிறார்கள். இன்னும் மோசமானது, மாற்ற முடியாததைப் பேசாமல் விழுங்கிவிடுவது. லினக்ஸில் ஐகான்வ் என்ற செயற்கூறுத் தொகுதி இருக்கிறது. அதில் இலக்குக் குறியேற்றத்தின் பெயருக்குப் பின்னால் இரண்டு சாய்கோடு போட்டு 'இக்னோர்' என்று எழுதிவிட்டால், முடியாத எழுத்துகளை விட்டுவிட்டுப் போகும். இணையத்தில் 'ஐகான்வ் பிழை தருகிறது, என்ன செய்ய?' என்று யாராவது கேட்டால் உடனே இந்த வைத்தியத்தைச் சொல்ல ஒருவர் வந்துவிடுவார். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கும் வைத்தியம் இது.

'எல்லாம் சி மொழியால் வந்தது, பழைய மொழி' என்பார்கள். ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். சி பிறந்த 1970-களின் தொடக்கத்தில் எழுத்து என்றால் ஆங்கில எழுத்துதான். 'சார்' என்று பெயர் வைத்தார்கள், உள்ளே இருப்பது பைட். ஸ்ட்ர்லென்னிடம் 'தமிழ்' எவ்வளவு நீளம் என்று கேட்டால் 15 என்னும். பெயருக்கு 30 பைட் ஒதுக்கியவர் தாராளமாகக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வார். தமிழில் அது பத்தே பத்துக் குறி. ஸ்ட்ர்என்காப்பி கண்ணை மூடிக்கொண்டு நடு எழுத்தில் வெட்டும். அகன்ற எழுத்துக்கு என்று வைத்த வகையும் விண்டோஸில் 16 பிட், லினக்ஸில் 32 பிட். இதெல்லாம் உண்மை.

ஆனால் சி பொய் சொல்லவில்லை. ஐகான்வையே பாருங்கள். சிக்கிக்கொண்டால் மூன்று விதமாகப் புகார் சொல்லும். ஒன்று, இந்த இடத்தில் செல்லாத பைட் வரிசை இருக்கிறது. இரண்டு, எழுத்து பாதியில் நிற்கிறது, மீதியைக் கொண்டு வா. மூன்று, வைக்க இடம் போதவில்லை, பெரிய பாத்திரம் கொடு. இவற்றில் பின்னிரண்டும் பிழையே அல்ல, வேலை நடக்கும் விதம். கோப்பை 4096 பைட் துண்டுகளாகப் படிக்கிறோம். 4096-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. முழுக்கத் தமிழாக இருந்தால் துண்டின் கடைசி எழுத்து உடையத்தான் செய்யும். உடைந்ததை அடுத்த துண்டின் தலையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் மூன்றையும் 'எரர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடுகிறார்கள்.

சிக்கலில்லாமல் முடிந்தாலும் ஐகான்வ் ஓர் எண்ணைத் தருகிறது. திரும்பப் பழையபடி ஆக்க முடியாத விதத்தில் மாற்றிய எழுத்துகள் எத்தனை என்ற கணக்கு அது. அதை எடுத்துப் பார்த்த நிரலாளர் ஒருவரையாவது நான் பணியில் சந்தித்திருந்தால் அவருக்கு மதிய சாப்பாடு வாங்கிக் கொடுத்திருப்பேன். லினக்ஸின் சி நூலகத்தில் 2002-லிருந்து திஸ்கிக்கும் மாற்றி இருக்கிறது. மேலே சொன்னபடி எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கிற மாற்றி. ஆகவே கடைசியில் ஒருமுறை உள்ளீடு இல்லாமல் அழைத்து, 'கையில் இருப்பதைக் கொடுத்துவிடு' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கடைசிக் குறி தங்கிப்போகும். கையேட்டில் எழுதியிருக்கிறது. யார் படித்தார்கள்?

வேறு மொழிக்குப் போனால் தப்பிக்கலாம் என்பதும் பொய். பைத்தான் மாற்ற முடியாத எழுத்தைக் கண்டால் தானாகவே நின்றுவிடுகிறது. நல்ல பிள்ளை. நாம்தான் அங்கேயும் போய் 'இக்னோர்' என்று எழுதி அதன் வாயை அடைக்கிறோம்.

'ஓர் எழுத்துக்காக லட்சம் வரி வேலையை நிறுத்தலாமா?' என்று மேலாளர்கள் கேட்பார்கள். லட்சத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைத் தனியே எடுத்து வை. மூல பைட்டுகளை அப்படியே வை. எத்தனையாவது வரி, எத்தனையாவது பைட் என்று எழுது. மனிதர் ஒருவர் பார்க்கட்டும். கிழிந்த நோட்டு வந்தால் வங்கிக் காசாளர் அதைத் தனியே வைக்கிறாரா, தூக்கி எறிந்துவிட்டுக் கணக்கு சரி என்று எழுதுகிறாரா?

இன்னொரு கூட்டம், யூனிகோடே தமிழுக்கு அநியாயம் செய்தது, அதனால்தான் இத்தனை தொல்லை என்று சொல்லும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16 என்ற அத்தகைய குறியேற்றத்தையும் ஏற்றது. அதன் தகுதி பற்றி இங்கே வழக்காட வரவில்லை. எவ்வளவு அழகான குறியேற்றம் கொண்டுவந்தாலும், பழையதிலிருந்து அதற்கு ஒருவர் மாற்றத்தான் வேண்டும். அவர் 'நல்' என்று எழுதினால் அங்கேயும் கேள்விக்குறிதான். இருபது வருடமாக எந்த வீடு உயர்ந்தது என்று சண்டை போட்டோம். சாமான் ஏற்றிச் செல்லும் வண்டியின் கதவு திறந்து கிடந்ததைப் பார்க்கவில்லை.

ஒழுங்காகச் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் எத்தனையோ நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டி மின்னூலாக்கியது. திஸ்கியில் இருந்தவை பின்னால் யூனிகோடுக்கு வந்தன. இன்றும் படிக்கிறோம். என்ன குறியேற்றம் என்பது கோப்போடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தது. பணம் வாங்காமல் செய்தவர்களுக்கு இருந்த கவனம், பணம் வாங்கிச் செய்த எங்களுக்கு இல்லை.

இப்போது நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு, வேண்டுகோளாக அல்ல, கண்டிப்பாகவே சொல்கிறேன். மூலக்கோப்பை அழிக்காதீர்கள், டிஸ்க் இன்று மலிவு. எந்தக் குறியேற்றம் என்று ஊகிக்காதீர்கள், கேட்டு எழுதி வையுங்கள். மாற்றியதைத் திரும்பப் பழையதாக மாற்றி, மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். பொருந்தாத வரிகளை மனிதரிடம் காட்டுங்கள். சோதனைக்குக் கௌசல்யா, சௌந்தரம், வெளிச்சம், வௌவால் என்று போடுங்கள், 'டெஸ்ட் ஒன்று' வேண்டாம். தேடும் இடத்தில் 'சௌ', 'செள' இரண்டையும் ஒன்றாக எண்ணித் தேடுங்கள். யூனிகோடின் சீராக்க விதிகள் 'கொ'வின் இரு வடிவங்களை ஒன்றாக்கும், ஆனால் தவறாகத் தட்டிய 'ள'வைத் தொடாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், செயற்கூறு உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால் 'நல்' கொடுத்து வாயை மூடாதீர்கள்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். இளைஞர் நல்ல மனுஷன். “இப்பவே சரியா மாத்திடறேன் சார்” என்று பெயரைத் திருத்தப் போனார். “வேண்டாம் தம்பி. இங்க மட்டும் மாத்தினா, பணம் அனுப்பற பட்டியல்ல பழைய மாதிரியே இருக்கும். அப்புறம் ரெண்டும் பொருந்தாது” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பாட்டியின் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, “இதைப் பத்திரமா வெச்சுக்கோங்க பாட்டிம்மா. அடுத்த தடவை பேரைச் சொல்லாதீங்க, இதைக் காட்டுங்க” என்றார்.

பாட்டி அதை மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு போனார். எண்பது வருடமாக இருக்கும் பெயர் அவருக்கு உதவவில்லை, ஒன்பது இலக்க எண்தான் உதவியது. அந்த அலுவலகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. என் தொழில் மேல்தான்.